அணிலை ஏறவிட்ட நாய்

பாச்சலூரில் செவலை ஈன்றிருக்கிறது, ஆறு குட்டி
என்று சொல்லியனுப்பியிருந்தார் வேலாண்டி.
பஸ்ஸைவிட்டு இறங்கியபோது மஞ்சு கலையவில்லை.
விறகுக் கொட்டகையில், கிழிந்த உரச்சாக்கின்மேல்
ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு கிடந்தன.

ஒவ்வொன்றாய்த் தூக்கி வாயைப் பிளந்து காட்டினார்.
இதற்கு அண்ணம் கறுப்பு.
இதற்கு இருபது நகம், எண்ணிக்கொள்ளுங்கள்.
பிடரியில் தூக்கினால் இது கத்தாது.
இதன் தாய்மாமன் பன்றியின் காதைக் கவ்வியவன்.
"உங்களுக்கு எதுக்கு? முயலுக்கா, பன்றிக்கா?"

"அணிலுக்கு."

அவர் சிரித்த சிரிப்பில் செவலை எழுந்து வெளியே போய்விட்டது.

சிரிக்கட்டும்.
தாண்டிக்குடிச் சரிவில் நாற்பது பட்டர் புரூட் மரத்தைக்
குத்தகைக்கு எடுத்தவன் அவரில்லை.
மலையணில் கூரையில் ஓடும் மூன்றுகோட்டுச் சங்கதி அல்ல;
பூனையைவிடப் பெரிது, வால் மட்டும் ஒரு முழத்துக்கு மேல்.
ஒரு காயைக் கடிக்கும், பிடிக்காமல் போடும்,
பக்கத்துக் காயிலாவது ருசி இருக்கிறதா என்று பார்க்கும்.
ஒற்றைப் பல் பட்டிருந்தாலும்
தரகர் மூக்கையா கூடையைக் காலால் தள்ளிவிடுவார்.

வனக்காவலர் தனுஷ்கோடி
என் வீட்டுக் காபியை ஊதி ஊதிக் குடித்தபடி சொன்னார்:
"விரட்டு. தொட்டா வழக்கு.
நாயோட பல்லும் உன் பல்லுதான்."

ஆக எனக்கு வேண்டியது
பிடிக்கத் தெரியாத ஒரு வேட்டைநாய்.

சட்டைப்பையில் ஒரு பழக்கொட்டை கொண்டுபோயிருந்தேன்.
கொட்டகைக்கு வெளியே நின்ற சில்வர் ஓக்குக்குள் வீசினேன்.
இலை சலசலத்தது, கொட்டை விழுந்தது.
விழுந்த இடத்துக்கு ஐந்தும் ஓடின, முட்டி மோதி.
நாய்க்கு உலகம் தரையிலிருந்து நாலு விரற்கடை.
ஆறாவது, ஒரு காது மடிந்த பொட்டை,
உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்து
கிளை ஆடி அடங்கும்வரை அண்ணாந்தே பார்த்தது.

"அது மக்குங்க. சும்மா எடுத்துக்கங்க."
சும்மா வாங்கினால் நாய் தங்காது.
ஐம்பது ரூபாயை அவர் உள்ளங்கையில் அழுத்தினேன்.

மலங்க மலங்க விழித்து நிற்பவனை
அணிலை ஏறவிட்ட நாயாட்டம் என்பார்கள்.
பள்ளிக்கூடத்தில் என்னை.
பத்திர ஆபீஸில் என்னை.
மாமனார் வீட்டில் ஒருமுறை, எனக்குக் கேட்காதென்று நினைத்து.
சொன்னவர்கள் யாரும் அந்த நாயை
ஒரு நிமிஷம் நின்று பார்த்திருக்க மாட்டார்கள்.
ஏறியது எந்தக் கிளையில் இருக்கிறதென்று
ஊரில் அதற்கு மட்டும்தான் தெரியும்.

பவளக்கொடி அதற்கு வானிலை என்று பெயர் வைத்தாள்.
ரேடியோவில் வாசிப்பதுபோல் நீட்டிக் கூப்பிடுவாள்.
வானிலை இலைக்குக் குரைத்தது, பௌர்ணமிக்குக் குரைத்தது,
மதுரை விமானத்துக்கு மூச்சுமுட்டக் குரைத்தது.
மேலேயே பார்த்து நடந்து எருக்குழியில் விழுந்தது, இரண்டுமுறை.
மூன்றாம் முறை நான் விழுந்தேன்.

ஆடியில் காய் திரண்டது.
பதினொரு மணி வெயிலுக்கு அவன் வந்தான், கிளை தாவி.
வானிலை அடிமரத்தில் முன்காலை ஊன்றிக் குரைக்க,
அவன் கொப்பில் படுத்து, வாலை உதறி,
காடு முழுக்கக் கேட்கும்படி திட்டினான்.
இவள் விடவில்லை. அவனும் விடவில்லை.
இரண்டு மணிநேரம்.
அன்றைக்குத்தான் கண்டுகொண்டேன்:
திட்டுகிற வாயால் தின்ன முடியாது.

போன வருஷம் கடிபட்டது நானூற்றுச் சொச்சம்.
இந்த வருஷம் நூற்றுப் பதினேழு,
அதில் எட்டு குரங்கு என்று சந்தேகம்.

கார்த்திகையில் வேலாண்டி போன் செய்தார்.
மற்ற ஐந்தும் நல்ல விலைக்குப் போய்விட்டனவாம்.
ஒன்று பன்றி கிழித்துச் செத்ததாம்.
"உங்க மக்கு எப்படி இருக்கு?"

"கழுத்து வலிதான்" என்றேன்.

"நாய்க்கா?"

பலாவின் உச்சியில் ஒரு சுள்ளிக்கூடு,
மேலே ஏதோ அசைந்தது.
கொஞ்சம் பொறுங்கள் என்றேன்.