ஏழாம் புட்டி

மாட்டுத்தாவணியில் காலை நாலரை.
தூத்துக்குடி வண்டியிலிருந்து
தெர்மோகோல் பெட்டி இறங்குகிறது.
"தண்ணிக்கு லக்கேஜ் போட்டது
என் சர்வீஸ்ல இதான்மா" என்கிறார்
ஒவ்வொரு மாதமும் நடத்துநர்.

உள்ளே பன்னிரண்டு புட்டிகள்.
என் பதிவேட்டில் எஸ் ஒன்று, எஸ் இரண்டு.
சங்கு குளிக்கிற இஞ்ஞாசி
பிளாஸ்திரி ஒட்டி வேறு எழுதியிருப்பார்:
மடிகிழிச்சான் பார்.
கப்பல் திரும்புற இடம்.
மையில் அல்ல, மகளின் நகப்பூச்சில்.
உப்புக்கு அழியாதாம்.

நான் கடலில் நனைந்தவள் அல்ல.
நாகமலை நிழல் விழும் ஆய்வகத்தில்
கடலை மில்லி மில்லியாய் ஊற்றுகிறவள்.

'ஆழம், மீட்டரில்' என்றிருக்கும் படிவத்தில்
'நாலு பாகம்' என்பார்.
நீரோட்டம் கேட்ட கட்டத்தில் 'சோநீவாடு.'
முதல் மாதம் அடித்துத் திருத்தினேன்.
மூன்றாம் மாதம் கருவி பிசகியது.
அந்த ஒரு சொல்லை வைத்துத்தான்
கலங்கல் வந்த திசை தெரிந்தது.
பிறகு படிவத்தைத் திருத்தினேன்.

ஒரு தடவை வந்திருந்தார்,
ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட.
அவர்கள் கேட்டுச் சேர்த்தது ஒரே வரி:
முடிவு எதுவானாலும் முதலில் கரைக்கு.
திரும்பும்போது யானைக்கல் பாலத்தில் நின்று
வைகை மணலை வெகுநேரம் பார்த்தார்.
"இது கடலுக்கு வராத ஆறுல்ல?
பரவால்ல. நாங்க வந்துட்டோம்ல."

இன்று ஏழாம் புட்டியில் தாமிரம்.
மூன்று முறை ஓட்டினேன்,
மூன்று முறையும் அதே உயரம்.
கப்பல் அடிவயிற்றுச் சாயமாக இருக்கலாம்.
'இருக்கலாம்' என்றுதான் எழுத முடியும்.

"திங்கள்வரை பொறும்மா,
துறைமுகத்துக்கு மரியாதையா
ஒரு கடிதம் போட்டுடலாம்" என்கிறார்
துறைத்தலைவர்.
எங்கள் கட்டடத்திலும் துறை என்றுதான் சொல்கிறோம்.
படகு கட்ட ஒரு முளை கிடையாது.

புட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு
மாடிப்படிக்கு வருகிறேன்.
மூன்றாவது மணியில் எடுக்கிறார்.
காற்று, இஞ்சின், யாரோ சிரிக்கிற சத்தம்.

"எஸ் ஏழுல தாமிரம் கூடியிருக்கு."
"ஏழுன்னா?"

பிளாஸ்திரியை வெளிச்சத்துக்குத் திருப்பி
சிவப்பு எழுத்தை வாசிக்கிறேன்:
"மச்சான் மயங்கின இடம்."

அந்தப் பக்கம்
இஞ்சினை அணைக்கிறார்கள்.