இடது பின் சக்கரம்

முதல் தடவை வந்தபோது நான் காதில் வாங்கவில்லை.
"நிக்கப் போற நேரத்துல பெடலு காலுக்குக் கீழ
தவளை மாதிரி துடிக்குதுண்ணே" என்றார் ஜெயசீலி.
காலை ஏழரை. இரவு டூட்டி முடித்து
திருமங்கலத்திலிருந்து நேராக வந்திருந்தார்.
பதினாறு வயது வண்டி.
ஏற்கெனவே மூன்று பேர் பார்த்தாயிற்று:
ஒருவர் பேட் மாற்றினார், ஒருவர் ஆயில் மாற்றினார்,
மூன்றாமவர் "மெதுவா மிதிங்கம்மா" என்று
அவர் காலையே மாற்றப் பார்த்தார்.

நான் நாலாவது.
ஏபிஎஸ் ஃபியூஸைப் பிடுங்கினேன். துடிப்பு நின்றது.
பதிலுக்கு மஞ்சள் விளக்கு எரிந்தது.
கறுப்பு டேப்பில் ஒரு துண்டு கிழித்து
அதன் கண்ணைப் பொத்தினேன்.
நூற்றைம்பது ரூபாய்.

ஐப்பசி மழையில் திரும்பி வந்தார்.
பழங்காநத்தம் பாலத்து இறக்கத்தில்
சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வண்டி கோணிப் போய்
ஒரு பூக்காரரின் மொபெட்டை உரசி நின்றதாம்.
ஆளுக்கு ஒன்றுமில்லை.
கூடை கவிழ்ந்து பிச்சிப்பூ அத்தனையும் சாக்கடைத் தண்ணியில்.
"பூவுக்குக் காசு குடுத்துட்டேன்" என்றார்.
திட்டியிருக்கலாம். திட்டவில்லை.
ஒரு நோட்டை நீட்டினார்.

வார்டில் காய்ச்சல் எழுதுவது போல் கட்டம் போட்டிருந்தது.
குரு தியேட்டர் சிக்னல், 6.10, பத்துக்குக் கீழே, துடித்தது.
காளவாசல், 7.05, துடித்தது.
நான்குவழிச் சாலை, எண்பதில் அழுத்தினேன், துடிக்கவில்லை.
இருபத்துமூன்று வரி. கடைசியில் சிவப்பு மையில்:
ஓடும்போது இல்லை. நிற்கப் போகும்போது மட்டும்.
நான் ஃபியூஸ் பிடுங்கிய அன்றைக்கே
இந்த நோட்டு அவர் பையில் இருந்திருக்கிறது.

ஃபியூஸைத் திரும்பச் செருகினேன்.
ஸ்கேனர், குற்றம் ஏதுமில்லை என்றது.
அதை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.
வைகைத் தென்கரையில் அவர் ஓட்டினார்.
திரையில் நான்கு சக்கரத்துக்கு நான்கு எண்.
பன்னிரண்டு, பன்னிரண்டு, பன்னிரண்டு,
இடது பின் சக்கரம் மட்டும் பூஜ்யம்.
மறுபடி பன்னிரண்டு. மறுபடி பூஜ்யம்.
சுற்றுக்கு ஒரு தடவை.
உருண்டுகொண்டே, நின்றுவிட்டேன் என்கிறது.
அதை நம்பிப் பெட்டி பிரேக்கைத் தளர்த்துகிறது.
பெட்டியைச் சொல்லிக் குற்றமில்லை,
நம்புவதற்குத்தான் அதை வைத்திருக்கிறார்கள்.

டிரம்மைக் கழற்றிப் பல்வளையத்தைத் துடைத்தேன்.
சாக்பீஸால் புள்ளி வைத்து எண்ணினேன், நாற்பத்துநான்கு.
முப்பத்தொன்றுக்கும் முப்பத்திரண்டுக்கும் நடுவே
நகத்துக்குத் தட்டாத ஒரு கீறல்.
பிளேடு நுனி இறங்கியது.
அடியில் துரு பொங்கி, உள்ளிருந்தே பிளந்திருக்கிறது.

புதிதென்றால் ஹப்போடு பதினோராயிரம்.
செல்லூரில் மூன்றாவது பழைய சாமான் கடையில்
முகம் நொறுங்கிய அதே மாடல் ஒன்று கிடந்தது.
பின்சக்கரம் இரண்டும் முழுசு.
பக்கத்து டீக்கடை உதுமான் பாய்
பாலை இறக்கிவைத்துவிட்டு அடுப்பைக் கொடுத்தார்.
வளையம் சூட்டில் விரிந்ததும்
கிடுக்கியால் தூக்கி ஹப்பில் இறக்கினேன்.
டக்கென்று உட்கார்ந்தது. அப்புறம் அசைக்க முடியவில்லை.

டேப்பை அவரே உரித்தார்.
சாவி திருப்பியதும் மஞ்சள் விளக்கு
மூன்று நொடி விழித்து, தானாக மூடிக்கொண்டது.
காளவாசல் சிக்னல். பன்னிரண்டு, ஏழு, மூன்று.
நான்கு எண்ணும் சேர்ந்தே இறங்கின.
பச்சை விழும்வரை அவர் காலை எடுக்கவில்லை.
பட்டறைக்கு வந்ததும் நோட்டைத் திறந்து
இருபத்துநாலாவது வரி எழுதினார்.
என்ன எழுதினார் என்று எட்டிப் பார்க்கவில்லை.

பில்லில் நூற்றைம்பதைக் கழித்திருந்தேன்.
கவனித்தாரா தெரியாது.

கடை அடைக்கும்போது இழுப்பறையை இழுத்தேன்.
அவருடைய ஃபியூஸ் கிடந்த பவுடர் டப்பாவில்
இன்னும் பதினொன்று இருந்தது.
ஒன்று மேலூர் வேன். ஒன்று, உசிலம்பட்டிக்காரர்,
மகள் கல்யாணம் என்று அவசரப்பட்டார்.
மற்றது யாருடையதோ. ஒன்றுக்கும் பேர் எழுதி வைக்கவில்லை.
பைபாஸில் மழை பிடித்துக்கொண்டது.