சீப்பு மலையின் கீழே

வெள்ளிக்கிழமை. இப்ரி கேம்பிலிருந்து
குல்ஸமானின் பிக்கப்பில் ஒரு மணி நேரம்.
வெங்காய மூட்டைகளை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில்
"கபர் பார்க்கிறியா, ரொம்பப் பழசு" என்றான்.
எதிரே மிஷ்த் மலை பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது.
மிஷ்த் என்றால் சீப்பாம்.
இத்தனை காலத்தில் ஒரு தலையையும் வாரியதில்லை.

மேட்டின் முதுகில் வரிசையாக
கல் கூடுகள், குளவிக் கூட்டைக் கவிழ்த்த மாதிரி.
ஐயாயிரம் வருஷம் என்கிறது பலகை,
அரபியில் ஒரு தடவை, இங்கிலீஷில் ஒரு தடவை.
இரண்டிலும் தொடாதே.

நான் கொத்தன்.
வருஷம் தெரியாது, வரி தெரியும்.
சாந்து இல்லை. ரசமட்டம் இல்லை.
ஒவ்வொரு வரியும் கீழ்வரியைவிட
அரை விரல் உள்ளே சாய்ந்து சாய்ந்து
கடைசியில் வானத்தை மூடிவிடுகிறது.
எங்கள் ஊர்ப் பொட்டலிலும் ஒரு கல்வட்டம் உண்டு.
அதன் நடுவில் இப்போது செல்போன் டவர்.

முக்கோண வாசல், கிழக்குப் பார்த்தது.
முழங்காலால் நுழைந்தேன்.
எலும்பு ஒன்றும் இல்லை.
ஆட்டுப் புழுக்கை, நசுங்கிய லபான் டப்பா,
வெயில் எட்டாத ஒரு குளிர்ச்சி.
அண்ணாந்து உச்சிக்கல்லைக் கண்ணாலேயே நிறுத்தேன்.
நூறு கிலோவுக்குக் குறையாது.
ஒருத்தனால் ஆகாது.
இரண்டு பேர் என்றால் இடுப்பு போய்விடும்.
நாலு பேர்.
அதில் ஒருத்தன் "பையப் பையடா" என்று
கத்தியிருக்க வேண்டும்,
ஏதோ ஒரு பாஷையில்.

அருளப்பன் ஆஸ்பத்திரி ஐஸ் பெட்டியில்
பத்தொன்பது நாள் கிடந்தான்.
அதற்கும் நாலு பேர்தான் வேண்டியிருந்தது,
நாலு கையெழுத்து.
மூன்று கிடைத்தது. நாலாவது ஆள் லீவில்.
கார்கோ ரசீதில், பெட்டியோடு சேர்த்து,
நூற்றுப் பன்னிரண்டு.

வெளியே வந்தபோது தெற்குச் சுவரில்
ஆப்புக்கல் ஒன்று நழுவித் துருத்தியிருந்தது,
விரல் நீளம்தான்.
பலகையைப் பார்த்தேன்.
கை கேட்கவில்லை.
உள்ளங்கையால் ஒரு தட்டு.
உட்கார்ந்தது.

"உள்ளே என்ன?" என்றான் குல்ஸமான்,
மாதுளைத் தோலை ஜன்னலுக்கு வெளியே எறிந்தபடி.
"ஆள் இல்லை" என்றேன்.
தார்ச்சாலை ஏறிய பிறகு,
கேட்காமலே,
"நல்ல வேலை" என்றேன்.

கம்பெனியைச் சொல்கிறேன் என்று நினைத்து
இப்ரி வரும்வரை
சிரித்துக்கொண்டே ஓட்டினான்.