இரண்டு நாற்பதுக்கு ஒரு பள்ளம்

சால்மன் மீன் வந்த தெர்மாகோல் பெட்டி.
செத்துப்போன ஹாம்ஸ்டரின் சூட்டு விரிப்பு.
கட்டைவிரல் நகமளவு ஒரு சர்க்யூட் பலகை,
அதிலிருந்து எலிவால் மாதிரி நீளும் சென்சார்.
மினேகோவின் சமையலறையில்
ரைஸ் குக்கருக்கும் ஜன்னலுக்கும் நடுவே
இதற்குத்தான் இடம்.

வெளியே அசாஹிகாவா. ஜனவரி.
மைனஸ் பத்தொன்பது.
பெட்டிக்குள் நாற்பது.
ஊறி, வெந்து, விரலில் நசுங்கும் சோயா மணிகள்
இருபத்திரண்டு மணி நேரம்
நொதித்துக்கொண்டே இருக்க வேண்டும்.
நாத்தோ என்று பெயர்.
நம் காதுக்கு அந்தப் பெயரே
பாதி விஷயத்தைச் சொல்லிவிடும்.
மீதியை மூக்கு சொல்லும்.

பகலில் அவளுக்கு ரயில்வேயில் சிக்னல் வேலை.
சிவப்பு என்றால் சிவப்பு, பச்சை என்றால் பச்சை.
வீட்டுக்கு வந்தால் சமையல் புத்தகம்
"கொஞ்சம் உப்பு" என்கிறது.
ஓரத்தில் பென்சிலால் திருத்தியிருக்கிறாள்:
மூன்று புள்ளி இரண்டு கிராம்.
அரிசி களையும் தண்ணீருக்குக்கூட
அவள் அட்டவணையில் ஒரு கட்டம் உண்டு.

கடையில் மூன்று டப்பா நூறு யென்தானே
என்று கேட்டாள் கூட வேலை பார்க்கும் ககுதா.
மினேகோ போனைத் திறந்து
பிள்ளை படம் காட்டுகிறவர்களைப் போல
வரைபடத்தைக் காட்டினாள்.
"இந்த நேர்கோட்டைப் பார்."

நேர்கோடுதான்.
ஆனால் இரவு இரண்டு நாற்பதுக்கு
ஒரு பள்ளம்.
நாற்பதிலிருந்து முப்பத்திரண்டு.
பத்து நிமிடம். பிறகு மெல்ல மேலே.

சென்சாரை மாற்றினாள்.
ஒயரை மறுபடி பற்றவைத்தாள்.
ஃபிரிட்ஜ் கரண்டை இழுக்கிறதோ என்று
அதை வேறு பிளக்குக்குத் துரத்தினாள்.
ப்ரோக்ராமின் நூற்றுப் பதினாறு வரிகளையும்
அரிசியில் கல் பொறுக்குவதுபோலப் படித்தாள்.
கல் இல்லை.
பள்ளம் இருந்தது.

சில இரவுகளில் அதுவும் இல்லை.
அதுதான் அவளைப் படுத்தியது.
எப்போதும் தப்புச் செய்யும் இயந்திரத்தை
மன்னித்துவிடலாம்.

ஞாயிறு மதியம் பள்ளங்களின் தேதிக்குப் பக்கத்தில்
வானிலைக் கணக்கை வைத்துப் பார்த்தாள்.
பன்னிரண்டாம் தேதி, பனி பதினெட்டு சென்டிமீட்டர்: பள்ளம்.
பதின்மூன்று, தெளிந்த வானம்: இல்லை.
பதினாறு, இருபத்தாறு சென்டிமீட்டர்:
நல்ல ஆழம், கால்மணி நேரம்.

மூடிய பெட்டிக்குள்
பனி எப்படிப் பெய்யும்?

டீ ஆறிப்போனது.
பக்கத்து அறையில் இசாவோ குறட்டை.
ராத்திரி முழுக்க நகராட்சியின் பனி அள்ளும் வண்டி ஓட்டியவன்,
இரண்டு கையையும் கக்கத்தில் செருகிக்கொண்டு.
பனி விழுந்தால்தான் அவனுக்கு வேலை.
அவன் பாதையில் நடுவாந்தரமாக வருகிறது
இந்தத் தெரு.
ஸ்டீயரிங்கில் ஏதோ வாடை என்று
மாற்று டிரைவர் சொன்னதாகப்
போன வாரம் சிரித்தான்.

மண்ணெண்ணெய் ஹீட்டர் பற்றிக்கொள்ள ஐந்து நிமிடம்,
அதற்குள் பீப் பீப் என்று ஊரைக் கூட்டும்.
வாசலில் பனி வண்டி உறுமினாலும் புரளாதவள்
ஒரு பீப்புக்கு எழுந்து உட்கார்ந்துவிடுவாள்.
சிக்னல்காரி.
பெட்டியோ எப்போதும் சூடு,
சத்தமும் போடாது.

அவள் கேட்கவில்லை.
போய் எழுப்பவும் இல்லை.
நூற்றுப் பதினேழாவது வரியைத் தட்டினாள்:
பத்து சென்டிமீட்டருக்கு மேல் பனி வரும் என்றால்,
இரண்டரை மணிக்கு,
நாற்பத்துநான்கு டிகிரி.
ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில்
ஏன் என்று எழுதி வைக்கிறவள்
இதற்கு மட்டும் ஒன்றும் எழுதவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை.
சோற்றின்மேல் நாத்தோ.
கிளறினால் இழுபட வேண்டிய நூல்
பாதியிலேயே அறுந்தது.
இசாவோ ஒரு வாய் மென்றான். யோசித்தான்.
"இந்தத் தடவை கொஞ்சம் கசக்குதோ?"

"சென்சார் கோளாறு" என்று
கடுகைத் தள்ளி வைத்தாள்,
அவன் விரல்கள் எட்டும் தூரத்தில்.