கார் தெரியும் சன்னல்

மிலானில் இறங்கி பலெர்மோவில் விமானம் ஏறுவது.
இடையில் பன்னிரண்டு இரவு.
ஆலையின் பழைய எடைத்தாளைத் திருப்பிப் போட்டுக்
கோடு கிழித்தேன்:
ஊர், தூரம், கட்டில், விலை.
முன்பக்கத்தில் யாரோ ஒருவரின் செம்பனைக் குலை,
எட்டு டன் நானூற்று இருபது கிலோ.

என் ஐம்பத்தைந்து வயது. என் சேமநிதிப் பணம்.
ஓட்டுவது மட்டும் அவர்.

சன்னாசி என்று பெயர் வைத்தார்கள்,
இருபத்தாறு வருஷமாய் எங்கும் படுத்துக்கொள்கிறார்.
ஆயர் குரோ, மாச்சாப், யோங் பெங்கில் ஒரு பெட்ரோல் நிலையம்,
பாசிர் கூடாங்கில் எண்ணெய் இறக்க வரிசையில் நின்ற
கணக்கில்லாத விடியல்கள்.
எந்த ஓய்விடத்தில் குழாயில் தண்ணீர் வரும்,
எந்த மரத்தடியில் செவ்வெறும்பு விழும்,
கேட்டால் சொல்வார்.
இத்தாலியில் எங்கே தங்கலாம் என்றால்
"வண்டி நிக்கிற இடத்துல."

மிலானிலிருந்து போலோஞா இருநூற்றுப் பதினைந்து கிலோமீட்டர் என்றேன்.
"பாசிர் கூடாங் தூரம். அதுக்கு ஒரு ராத்திரியா?"
மொத்தப் பாதையையும் மூன்றே நாளில் முடித்து
ஒன்பது நாளை மிச்சம் பிடிக்கலாமாம்.
சிரிக்காமல் சொன்னார்.

பகாவ் பசார் மாலாமில்கூட
நான் இப்படிப் பேரம் பேசியதில்லை.
போலோஞாவுக்கு இரண்டு இரவு வாங்கினேன்,
நேப்பிள்சை விட்டுக்கொடுத்து.
"அந்த ஊரு ரோட்ட வீடியோவுல பாத்துட்டேன். வேணாம்."
மத்தேராவில் குகைக்குள் கட்டில் என்றதும்
எழுந்து போய்க் கோப்பி கலக்கிக்கொண்டு வந்தார்.
சிசிலிக்கு ஃபெர்ரி காரையும் ஏற்றிக்கொள்ளும் என்றதற்கு மட்டும்
பினாங்கு மாதிரி என்று தலையாட்டினார்.
பழைய ஊர்களுக்குள் கார் நுழைந்தால்
கேமரா பிடித்து வீடு தேடிச் சம்மன் வரும் என்றேன்.
"பகாவ்வுக்கா?"
பகாவ்வுக்கேதான்.
அந்த நாட்டின் மேல் முதல் முறையாக
அவருக்கு ஒரு மரியாதை வந்தது.

தாள் பாதி நிரம்பி
கோப்பி ஆறிய பிறகு கேட்டார்:
"படுத்துக்கிட்டே கார் தெரியுமா?"

ஓட்டுநர் உறங்கும் நேரம் பார்த்து
டேங்கரில் குழாய் விட்டு உறிஞ்சும் கூட்டத்தை
எடைமேடையிலிருந்து எனக்குக்
கணக்காகத்தான் தெரியும்.
ஏற்றியது இவ்வளவு, இறக்கியது இவ்வளவு,
குறைந்தது சம்பளத்தில்.
ரப்பர் குழாய் உரசும் சத்தத்துக்காக
இருபத்தாறு வருஷம் திறந்தே கிடந்த ஒரு காதுக்கு
அந்தத் தாளில் கட்டம் இல்லை.
வீட்டிலும் சன்னல் பக்கம்தான் படுப்பார்.
காற்றுக்கு என்று நினைத்திருந்தேன்.

ஐந்தாவதாக ஒரு கோடு கிழித்தேன்: கார்.

கைப்பேசி மொழிபெயர்த்துத் தந்த இத்தாலியில்
எட்டு வீட்டுக்காரர்களுக்கும் ஒரே கேள்வி.
ஐந்து பேர் தெரியும் என்றார்கள்.
ஒருவர் என்ன புரிந்துகொண்டாரோ,
தன் காரைப் படமெடுத்து அனுப்பினார், சிவப்பு.
மத்தேராவில், குகைக்கு ஏது சன்னல்.
ஓர்வியேத்தோவின் சிஞ்சியா மட்டும் நீளமாய் எழுதியிருந்தாள்.
காரை மலையடியில் விட்டுவிட வேண்டும்.
மின்படியில் நின்றபடியே ஊருக்குள் ஏறலாம்.
கட்டிலிலிருந்து தெரிவது
எதிர்வீட்டுக் கொடியில் காயும் துணி, அவ்வளவுதான்.
உங்கள் கணவருக்குத் தூக்கம் வராவிட்டால்
சமையலறைக்கு வரட்டும், விளக்கு எரியும்.
எனக்கும் வருவதில்லை.

படித்துக் காட்டினேன்.
வெளியே பழ லோரி ஒன்று
ஆலை வளைவில் கியர் மாற்றி முனகியது.
எந்த வண்டி என்று
வழக்கமாகச் சொல்வார். சொல்லவில்லை.
தாளைப் பார்த்தார்,
திருப்பி அந்த எட்டு டன் குலையையும் பார்த்தார்.
பிறகு பேனாவை வாங்கி
ஓர்வியேத்தோவுக்கு நேரே
ஒன்றை அடித்து இரண்டாக்கினார்.

மொத்தம் பதின்மூன்று ஆகிவிட்டது இப்போது.
எந்த ஊரில் குறைப்பது என்று
இரண்டு பேரும் இன்னும் பேசவில்லை.