நடுங்கட்டும்

அண்டர்பெர்க்கில் ஜூலை மாதம்
அணைக்குட்டை ஓரத்தில் மட்டும் உறையும்.
நடுவே தண்ணீர் கறுப்பாய் விழித்திருக்கும்.
அந்த ஓரத்தை நம்பித்தான்
காட்டு வாத்தைத் துரத்தி ஓடியது.
தட்டு கைதவறிய மாதிரி ஒரு சத்தம்.
அப்புறம் குரைப்பே இல்லை.

நாய் எனக்கு ஆகாது.
கேப்டவுனுக்கு வேலைக்குப் போன மகள்
'ரெண்டே வாரம்மா' என்று விட்டுப்போனது.
மூன்று குளிர்காலம் ஆயிற்று.
சோளக்கதிர் நிறம், அதனால் மீலி என்று பேர் வைத்திருந்தாள்.
நான் கூப்பிடுவது 'ஏய்'.

இடுப்புவரை இறங்கி
கழுத்துப்பட்டையில் விரல் மாட்டி இழுத்தேன்.
நனைந்த நாய்க்கு அரிசி மூட்டையின் கனம்.
டீசல் உறைந்து பக்கி வண்டி கிளம்பவில்லை.
ஆறிலிருந்து எட்டரை வரை
மின்வெட்டு எங்கள் பக்கத்து முறை.
கைபேசியில் பதினொரு சதவீதம்.

ஹைம்வில் மருத்துவர் லிண்டெல்வா சொன்னார்:
கணப்பருகே போடாதே, வெந்நீரில் முக்காதே,
காலைத் தேய்க்காதே.
காலில் தங்கிய குளிர் ரத்தம்
ஒரே ஓட்டமாய் நெஞ்சுக்கு வந்தால்
இதயம் திடுக்கிட்டு நின்றுவிடும்.
ஒற்றி எடு. நெஞ்சை முதலில் சூடாக்கு. மெதுவாக.
மெதுவாக என்பதை மூன்று தரம் சொன்னார்.

கேஸ் அடுப்பில் தண்ணீர் வைத்தேன்.
ஆரஞ்சு ரசப் பாட்டில் இரண்டு,
மாங்காய் ஊறுகாய் ஜாடி ஒன்று,
மூன்றுக்கும் ஆளுக்கொரு காலுறை.
அக்குளில், விலாவில் அணைத்து வைத்து
சானி கணவாயில் வாங்கி
விருந்தாளிக்கென்று மடித்தே வைத்திருந்த
பசோத்தோ கம்பளியை விரித்துப் போர்த்தினேன்.

பக்கத்துப் பண்ணை ஸ்டோஃபல் பிராந்தியோடு வந்தார்.
ஒரு கரண்டி விட்டால் எழுந்து உட்காரும் என்றார்.
கூடாது என்றேன்.
திறந்த பாட்டிலை வீணாக்காமல்
அவரே பார்த்துக்கொண்டார்.

பால் கூட்டுறவில் கணக்கெழுதும் கை என்னுடையது.
பழைய ரசீதின் பின்னால் மூச்சை எழுதினேன்.
ஏழு பத்து: நிமிடத்துக்குப் பத்து.
ஏழு இருபது: எட்டு.

'பாரேன், நடுக்கம் நின்றுவிட்டது, தேறிவிட்டது'
என்றார் ஸ்டோஃபல்.
தொலைபேசியில் அதைச் சொன்னேன்.
மறுமுனை ஒரு கணம் பேசவில்லை.
'நிற்கக் கூடாதே' என்றார் லிண்டெல்வா.
'நடுக்கம்தான் அது தனக்குத்தானே
மூட்டிக்கொள்ளும் அடுப்பு.
அணைந்திருக்கிறது. பக்கத்திலேயே இரு.
ஆமாம், நீ ஈரம் மாற்றினாயா?'

பதில் சொல்வதற்குள் கைபேசி செத்தது.

குனிந்து பார்த்தேன்.
என்னைச் சுற்றித் தரையில் ஒரு சின்னக் குட்டை.
கால்சட்டை மரப்பட்டையாய் விறைத்திருந்தது.
ஸ்டோஃபல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்,
நாட்காட்டியில் டிராக்டர் படத்தை வெகுநேரம் ரசித்தபடி.

உலர்ந்ததை உடுத்திக் கம்பளிக்குள் நுழைந்தேன்.
அதன் முதுகு என் வயிற்றில்.
ஈர நாயின் வாடையை மூக்கருகே
இத்தனை நாள் அனுமதித்ததில்லை.
மீலி, என்றேன். மீலி, மீலிம்மா.
மகள் குரலில்கூடச் சொல்லிப் பார்த்தேன்.
ஒன்றும் அசையவில்லை.

'ஏய்.'

இடது காது, நுனி மட்டும்.

பிறகு தோளில் தோல் ஒருமுறை சுளித்தது,
ஈயை விரட்டும் மாட்டுக்குப் போல.
பிறகு விலா. பிறகு தொடை.
பிறகு மொத்த நாயும் உதற, பல் கிட்டிக்க,
காலுறை போட்ட ஊறுகாய் ஜாடி
தரையில் டக்டக்கென்று தாளம் தட்டியது.
நடுங்கு, என்றேன், நடுங்குடி.
யாரிடமும் இப்படிக் கெஞ்சியதில்லை.
என் பல்லும் அடித்துக்கொண்டிருந்தது.
எந்த நடுக்கம் எவளுடையது என்று
பிரித்தெழுத என் கணக்குக்கு வராது.

எட்டரைக்குக் குளிர்பெட்டி முனகி எழுந்தது.
விளக்கு வந்ததும்
நாற்காலியில் ஸ்டோஃபல் தூங்குவது தெரிந்தது.
தலையைத் தூக்கி விழுங்கத் தெரிந்த பிறகே
வெதுவெதுப்பாய்ச் சீனித்தண்ணீர் காட்டினேன்.
கரண்டியை நக்கியது. என் கட்டைவிரலையும்.

காலையில் மகள் கூப்பிட்டாள்.
நாய் எப்படி என்றாள், வழக்கம்போல் கடைசியாக.
'நேற்று குளித்தது.'
'ஐயோ, தானாகவா?'
'தானாகத்தான்' என்றேன்.
கம்பளியில் இருந்த கம்பளி
என்னை ஒரு கண்ணால் பார்த்தது.