கூடவே வந்தவை

வெள்ளிக்கிழமை இரவு பத்தரைக்கு மேல்தான்
வூப்பர்ட்டால் நகர நூலகத்தின் சர்வர்களைத் தொட
எனக்கு அனுமதி.
அதுவரை எல்பர்ஃபெல்டில் யாராவது ஒருவர்
கண்விழித்து உட்கார்ந்து
புத்தகத் தவணையை நீட்டித்துக்கொண்டே இருப்பார்.

இன்றைய வேலை சின்னது.
பழைய அச்சுத் தொகுப்பு ஒன்றை எடுத்துவிட வேண்டும்.
ரசீது அடித்த இயந்திரம் போய் மூன்று வருடம்.
அதற்கென்று இறக்கிய மூட்டை மட்டும்
இன்னும் கிடக்கிறது,
கல்யாணம் முடிந்தும் திருப்பித் தராத
வாடகை அண்டா மாதிரி.

பெயரைத் தட்டி, நீக்கு என்றேன்.
கேட்காமல் எதையும் செய்யாது லினக்ஸ்,
அந்த மரியாதை அதற்கு உண்டு.
இத்துடன்
கீழ்க்கண்ட இருபத்தேழும் இனித் தேவையில்லை.
எடுத்துவிடலாமா?

பட்டியலை முழுக்கப் படித்தேன் என்றுதான்
திங்கட்கிழமை டெட்லெஃபுக்கு அறிக்கை எழுதுவேன்.
ஏழாவது வரியில் கண் நழுவிவிட்டது.
ஜன்னலுக்கு வெளியே
ஆற்றுக்கு மேல் தலைகீழாய்த் தொங்கிக்கொண்டு
கடைசிக்கு முந்தைய ரயில் போனது,
உள்ளே ஒரே ஒரு ஆள், சைக்கிளோடு.
அவனைப் பார்த்தபடியே ஆம் என்றேன்.

நாற்பது நொடி.
இருபத்தேழும் போயின.

பிறகு வழக்கமான சோதனை.
வாசகர் கூடத்துத் திரையை
வீட்டிலிருந்தே எட்டிப் பார்த்தேன்.
ஜெர்மன் வந்தது. துருக்கி வந்தது. கிரேக்கமும்.
சும்மா ஒரு நப்பாசையில்
தமிழ் அடுக்கைத் திறந்தேன்.

கட்டம் கட்டம் கட்டம்
கட்டம்
கட்டம் கட்டம்.

நாற்பத்தொரு புத்தகங்கள்.
அதில் சமையல் மூன்று,
எண்ணெய்க் கையோடு யாரோ புரட்டியது ஒன்று.
எல்லாத் தலைப்பும்
ஓடு போடாத வீட்டின் ஜன்னல்களாய்
வரிசையாக நின்றன.

குறிப்பேட்டைப் புரட்டினேன்.
தமிழ் எழுத்துருவை
இங்கே யாரும் பெயர் சொல்லிக் கேட்டதில்லை.
அச்சுத் தொகுப்பு உள்ளே வந்த அன்று
அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறது.
அதன் பெயருக்கு நேரே கணக்கில் ஒரே சொல்:
தானாக.
அழைத்து வந்தவர் கிளம்பிவிட்டால்
அதற்குத் தொழில் வழக்கில் இன்னொரு சொல் உண்டு,
அநாதை.

நாகர்கோவிலிலிருந்து நான் வந்ததும்
கையில் கொடுத்த அட்டையில்
'மனைவியின் பொருட்டு' என்று இருந்தது.
ஜெசிந்தாவுக்கு எலும்பு முறிவு வார்டில் வேலை.
எனக்கு ஜெசிந்தா.
பதினாறு மாதம் அந்த அட்டையோடு
பால் வாங்கினேன், பஸ் ஏறினேன்,
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
அவள் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிற வாரம் மட்டும்
வீட்டில் ரசத்துக்கு உப்பு சேராது.

சரி, வேலையைப் பார்ப்போம்.

இம்முறை மூட்டையாக வேண்டாம்.
முழுப்பெயர் சொல்லித் தமிழை அழைத்தேன்.
வந்து உட்கார்ந்தது.
தானாக என்றிருந்த இடத்தில்
கையால் வைத்தது என்று மாறிற்று.
இனி எந்த இயந்திரம் செத்தாலும்
இதை யாரும் கேட்காமல் எடுக்க முடியாது.
திரையில் முதலில் ஒரு கொம்பு முளைத்தது,
அப்புறம் ழகரம்,
அப்புறம் அந்த எண்ணெய்ச் சமையல் புத்தகம்.

அப்போதுதான்
போன இருபத்தேழையும்
எட்டாவது வரியிலிருந்து வாசித்தேன்.

எத்தியோப்பிய எழுத்து.
ஜார்ஜியா. கெமர். சிங்களம்.
பெயர் மட்டுமே தெரிந்த இன்னும் இரண்டு.
ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி,
ஒவ்வொன்றையும் கையால்.
மிச்சம் இருபதும்
ரசீது இயந்திரத்தின் சொந்தபந்தம், போகட்டும்.

எத்தியோப்பிய அடுக்கில் ஒன்பது புத்தகம்.
எழுத்து சரியாக விழுந்திருக்கிறதா என்று
எனக்கு எப்படித் தெரியும்?
குச்சி குச்சியாய்க் கைகால் நீட்டி நிற்கின்றன.
கட்டமாக இல்லை.

பன்னிரண்டே காலுக்கு ஜெசிந்தாவின் செய்தி:
முடிஞ்சுதா? சாப்பிட்டியளா?
இன்னும் ஒன்று, என்றேன்.

லாவோ எழுத்துக்கு
எங்கள் நூலகத்தில் ஒரு புத்தகமும் இல்லை.
தேடியும் பார்த்துவிட்டேன்.
அதையும் வைத்தேன்.